ஒரு செகண்டில் படித்தவள்

சனிக்கிழமை. காலை 6.10.

கொட்டகையின் பூட்டு பூட்டியபடியே தொங்கியது. வைஜெயந்தி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தாள். உள்ளே இஞ்சின் இல்லை. அது உட்கார்ந்திருந்த சிமெண்டுத் திட்டில் நான்கு போல்ட்டுகள் மட்டும் நின்றன. சுற்றிலும் எண்ணெய்க் கறை.

"பாஞ்சால! ஓடியா இங்க!"

பாஞ்சாலை பாத்தியிலிருந்து ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

மரக்காணம் உப்பளத்தில் இருபது வருடத்துக்கு மேல் கூலிக்கு உப்பு வாரிய ஐந்து பெண்கள், இந்த வருடம் மகளிர் குழுவாகச் சேர்ந்து மூன்று ஏக்கர் அளத்தைத் தாங்களே குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். அவர்கள் வாங்கிய முதல் பொருள் அந்த ஆயில் இஞ்சின். அது போர்வெல் தண்ணீரை இறைத்தால்தான் பாத்தியில் உப்பு விளையும். மார்ச் மாத வெயிலுக்கு நாலு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் பாத்தி பாளம் பாளமாக வெடித்துவிடும். பொம்பளைங்க அளம் நடத்துறாங்களாம் என்று சிரித்தவர்கள் ஊரில் நிறையப் பேர். சிரித்த ஒருவரையும் வைஜெயந்தி மறக்கவில்லை.

காலை 9.30. போலீஸ் ஸ்டேஷன்.

சப் இன்ஸ்பெக்டர் ஜெயப்பிரகாஷ் இளைஞர், எம்.ஏ. படித்தவர். கெட்டவர் இல்லை. அவசரக்காரர். இந்த வேலையில் இரண்டும் ஒன்றுதான் என்று சில நாள் தோன்றும்.

"பூட்டு உடையல. சாவி யாருகிட்ட?"

"எங்கிட்டதான் சார்."

"வேற சாவி?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல. கொட்டகையோட வந்த பழைய பூட்டு அது. முன்னாடி குத்தகை எடுத்திருந்தவங்க போட்டது."

"யாரையாவது பாத்தியா?"

"அஞ்சு அம்பதுக்கு வரப்புல வந்துக்கிட்டிருந்தேன். ஒரு குட்டி யானை வண்டி லைட்டு போடாம என்னத் தாண்டிப் போச்சு. உப்பு ஏத்த வர்ற வண்டின்னு நெனச்சேன்."

"நம்பர்?"

"நம்பர் மேல சேறு பூசியிருந்துச்சு. ஆனா பின்பக்கம் பாக்கியலட்சுமின்னு எழுதியிருந்துச்சு சார். நெத்தியில கட்டியிருந்த டார்ச்சு வெளிச்சம் அது மேல ஒரு செகண்டு பட்டுது. படிச்சேன்."

ஜெயப்பிரகாஷ் பேனாவைக் கீழே வைத்தார். வெளியே போய் போனில் பேசிவிட்டு வந்தார்.

"பாக்கியலட்சுமி மார்க் உப்பு சக்கரபாணியோடது. நீ முன்னாடி வேலை பாத்த எடம்."

"ஆமா சார்."

"அவரு வண்டி போர்டுல அந்தப் பேரு இருக்குது. ஆனா அந்த வண்டி வியாழக்கிழமையிலேர்ந்து வானூர்ல ஒர்க் ஷாப்ல நிக்குது. இப்பதான் போன் பண்ணிக் கேட்டேன். உனக்கு எப்ப படிக்கத் தெரியும்?"

"ரெண்டு வருஷமா. சாயங்கால வகுப்புக்குப் போறேன்."

அவர் மேஜையில் கிடந்த தினசரியை அவள் பக்கம் தள்ளினார். வைஜெயந்தி மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு தலைப்பில் விரல் வைத்தாள்.

"மா... வ... ட்... ட... மாவட்ட. நி... ர்... வா..."

நான்கு சொல் தலைப்பை முடிக்க அவளுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆனது. மூலையில் உட்கார்ந்திருந்த ஸ்டேஷன் ரைட்டர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

"இத்தப் படிக்க ஒரு நிமிஷம். ஓடுற வண்டில, இருட்டுல, பாக்கியலட்சுமியை ஒரே செகண்டுல படிச்சிட்டியா?" என்றார் ஜெயப்பிரகாஷ். "இஞ்சின நீயே வித்துட்டு, பழைய மொதலாளி மேல பழி போடுற. 'வண்டி எதையும் தெளிவாகப் பார்க்கவில்லை'ன்னு எழுதியிருக்கேன். இதுலயாவது ஒத்துக்க."

ரைட்டர் மைப் பெட்டியைத் திறந்து அவள் பெருவிரலுக்கு நேராக வைத்தார்.

வைஜெயந்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் படிச்சேன் சார். படிச்சேன்னு எழுதுங்க. இல்லாட்டி என்னத் தூக்கி உள்ள வைங்க. பொய்யில கை வைக்க மாட்டேன்."

"நாலு மணி வரைக்கும் டைம். அதுக்கப்புறம் கேஸ் உன் மேலதான்."

காலை 10.20. பஸ் நிலையத்துக்கு எதிரே, தனக்கோடியின் கண்ணாடிக் கடை.

தனக்கோடிக்கு ஐம்பத்து இரண்டு வயது. இருபத்தைந்து வருடமாக இந்தக் கரையில் கண் பரிசோதிக்கிறாள். வைஜெயந்தியின் கண்ணாடியும் அவள் கொடுத்ததுதான். ஊர் விவகாரம் எதிலாவது கணக்கு உதைத்தால் தூக்கம் வராத ஜாதி அவள்.

"கண்ணாடிக்காரம்மா, எனக்குக் கண்ணு நல்லா தெரியும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க."

"உக்காரு. மூச்சு விடு. மொதல்லேர்ந்து சொல்லு."

கேட்டு முடித்ததும் தனக்கோடி வெள்ளை அட்டைகளை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லைப் பெரிதாக எழுதினாள். அட்டையை ஒரு நோட்டுப் புத்தகத்தால் மறைத்து, ஒரு செகண்டு விலக்கி, மறுபடி மூடினாள். வைஜெயந்தி பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

முதல் அட்டை 'நெடுஞ்சாலை'. வைஜெயந்தி உதட்டைக் கடித்தாள். அடுத்தது 'குடும்பம்'. முதல் எழுத்தோடு நின்றுவிட்டாள். மூன்றாவது 'வைஜெயந்தி'. அதை இரண்டு தரம் காட்டினாள்.

"வை... இரு இரு... எம் பேரு!"

"உன் பேருக்கே ரெண்டு தரம் காட்ட வேண்டியிருக்குதே."

"எம் பேர எழுதக் கத்துக்கிட்டது முப்பத்தாறு வயசுல. நான் இன்னா பண்ணட்டும்?"

தனக்கோடி கைபேசியை எடுத்தாள். சக்கரபாணியின் வண்டி கண் முகாமுக்கு நாற்காலி ஏற்றி வந்தபோது எடுத்த படம் அதில் இருந்தது. வண்டியின் பின்பக்கம் 'பாக்கியலட்சுமி' என்று சிவப்பில் எழுதி, மஞ்சள் நிழல் கொடுத்து, எழுத்துக்கு எழுத்து கொடி சுற்றியிருந்தார் பெயிண்டர். ஒரு செகண்டு காட்டி மறைத்தாள்.

வைஜெயந்தி விழித்தாள். "மறுபடி காட்டுங்க."

காட்டினாள்.

"பா... க்..."

தனக்கோடி கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். வைஜெயந்தியின் முகம் சுருங்கிவிட்டது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் நம்பலல்ல?"

"நம்புறேன். இப்பதான் முழுசா நம்புறேன்," என்றாள் தனக்கோடி. "கண்ண மூடு. காலையில பாத்தது ஞாபகம் இருக்குதுல்ல? அத்த எழுதாத. படம் போடற மாரி வரைஞ்சு காட்டு."

வைஜெயந்தி பென்சிலை உப்பு வாரும் பலகையைப் போல இறுக்கிப் பிடித்து வரைந்தாள். வளைவு குறைந்த கனத்த எழுத்துகள். ஒவ்வொன்றும் நடுநடுவே துண்டு துண்டாக விட்டிருந்தது. கடைசி எழுத்தின் அடிப்பக்கம் ஒரு கோடு குறுக்கே வெட்டிக்கொண்டு போனது.

"இது என்ன கோடு?"

"தெரியல. அப்பிடித்தான் இருந்துச்சு. அது எப்பவும் அப்பிடித்தான் இருக்கும்."

தனக்கோடி தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"எத்தினி வயசுல அளத்துக்கு வந்த?"

"ஒம்போது. எங்கம்மா சக்கரபாணி மொதலாளியோட அப்பா காலத்துல மூட்டை தைச்சாங்க. நான் பக்கத்துல நின்னு மார்க் அடிக்கிற தகடு பிடிச்சுக்குவேன்."

"பள்ளிக்கூடம்?"

"தகடு பிடிக்க யாரு இருப்பா?" என்று கேட்டாள் வைஜெயந்தி. அதில் வருத்தத்தைவிடக் கோபம் அதிகம் இருந்தது.

பகல் 12.15. உப்பளம்.

வேலை முடிந்து ஆட்கள் கரையேறிக்கொண்டிருந்தார்கள். பாத்திகளில் வெயில் கண்ணைக் குத்தியது. தனக்கோடி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, கண் முகாம் நோட்டீசைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

மேஸ்திரி கலியபெருமாள் பனை ஓலைப் பந்தலில் மோர் குடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக இந்தப் பக்கம் யார் குத்தகை எடுத்தாலும் மேஸ்திரி அவர்தான். போன வருடம் வரை, இப்போது பெண்கள் வைத்திருக்கும் அளத்துக்கும் அவர்தான் மேஸ்திரி. பெண்கள் மேஸ்திரி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது சக்கரபாணியின் அளம் ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

"வைஜெயந்தி சமாச்சாரம் கேள்விப்பட்டீங்களா மேஸ்திரி?"

"கேள்விப்படாம? எஸ்.ஐ. ரைட்டர் நம்ம பையன்தான். எல்லாம் சொல்லிட்டான்." கலியபெருமாள் சொம்பைக் கீழே வைத்தார். "அவளுக்கு ஒம்போது வயசுலேர்ந்து கூலி குடுத்தவன் நான். ஒவ்வொரு சனிக்கிழமையும் ரெஜிஸ்டர்ல கைநாட்டு வாங்கினவன். அவ படிச்சாளாம்! விடியக்காலையில, பள்ளத்துல எகிறிக்கிட்டுப் போற வண்டில, காத்துல ஆடுற சாக்க ஒரு செகண்டு பாத்து, பாக்கியலட்சுமின்னு படிச்சாளாம்! கலெக்டர் வந்தாலும் படிக்க முடியுமாம்மா? பொம்பளைங்களுக்கு இதெல்லாம் வேணாம்னு அன்னைக்கே சொன்னேன்."

"கண் முகாம் ஞாயித்துக்கிழமை. வாங்க மேஸ்திரி," என்று சொல்லி நோட்டீசைக் கொடுத்துவிட்டு தனக்கோடி நடந்தாள்.

அடுத்து சக்கரபாணியின் ஆபீஸ். அறுபது வயதுக்காரர், நிதானமானவர். தன் வண்டியின் பெயர் இதில் இழுபட்டதில் எரிச்சலாக இருந்தார்.

"வைஜெயந்தி திருடறவ இல்ல. ஆனா என் வண்டி ஒர்க் ஷாப்ல கெடக்குதும்மா. நான் என்னத்தச் சொல்ல?"

தனக்கோடியின் கண் அவர் தலைக்கு மேல் போனது. சக்கரபாணியின் அப்பா படத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய தகரத் தகடு மாலை போட்டு மாட்டியிருந்தது.

"அந்தத் தகட்டக் கொஞ்ச நேரத்துக்குக் குடுங்க. நாலு மணிக்கு முன்னாடி ஸ்டேஷன்ல கொண்டாந்து தர்றேன். நீங்களும் வாங்க. மேஸ்திரியையும் கூட்டிக்கிட்டு வாங்க."

பகல் 3.30. போலீஸ் ஸ்டேஷன்.

சக்கரபாணியும் கலியபெருமாளும் சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயப்பிரகாஷ் கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணி நேரந்தாம்மா. கண்ணு டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாம் கோர்ட்ல பாத்துக்கலாம்."

"ரிப்போர்ட் கொண்டாரல சார். ஒரு வெளையாட்டு. நீங்களும் ஆடணும்."

அவள் கையில் கட்டாக அட்டைகள் இருந்தன. நோட்டால் மறைத்து, ஒரு செகண்டு காட்டினாள். நெடுஞ்சாலை, ஜெயப்பிரகாஷ் சொன்னார். குடும்பம், ஜெயப்பிரகாஷ் சொன்னார். வைஜெயந்தி இரண்டிலும் தோற்றாள். ரைட்டர் மறுபடி இருமினார்.

மூன்றாவதாகத் தனக்கோடி ஒரு சாக்குத் துண்டை எடுத்தாள். அதில் நீல மையில் ஏதோ அச்சு. அதன் மேல் பாதிக்கு அளத்துச் சேற்றை அப்பியிருந்தாள். துண்டைத் தலைகீழாகப் பிடித்தாள். ஒரு செகண்டு காட்டி மூடினாள்.

ஜெயப்பிரகாஷ் கண்ணைச் சுருக்கினார். "என்னது அது? கறையா?"

"பாக்கியலட்சுமி," என்றாள் வைஜெயந்தி. நோட்டு மூடுவதற்குள் சொல்லிவிட்டாள்.

யாரும் இருமவில்லை.

"இன்னொரு தரம்," என்றார் ஜெயப்பிரகாஷ்.

தனக்கோடி வேறு துண்டுகளை எடுத்தாள். ஒன்றில் பாதிச் சொல்லுக்கு மேல் மை ஏறவே இல்லை. ஒன்று பக்கவாட்டில் திரும்பியிருந்தது. மூன்றாவது துண்டில் வேறு ஒரு சொல்லை அதே மாதிரி வெட்டி அச்சடித்திருந்தாள். முதல் இரண்டுக்கும் வைஜெயந்தி ஒரு செகண்டில் பதில் சொன்னாள். மூன்றாவதைப் பார்த்ததும், "இது அது இல்ல," என்றாள். எம்.ஏ. படித்தவருக்கு மூன்றும் கறைதான்.

"இது எப்பிடி?" என்று கேட்டார் ஜெயப்பிரகாஷ். இந்த முறை குரலில் கேலி இல்லை.

"சார், எங்க கடைக்கு வர்றவங்க சார்ட்ல நாலாவது வரி தெரியலம்பாங்க. அவங்களே ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குற ரேஷன் கடை போர்டப் படிப்பாங்க. அந்தத் தூரத்துக்கு அந்த எழுத்து சார்ட் எழுத்த விடச் சின்னதாத்தான் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறது ஒரு வேலை. பழகின சொல்லைப் பாத்ததும் தெரிஞ்சுக்கறது இன்னொரு வேலை. அம்மா மொகத்த மூக்கு, கண்ணுன்னு கூட்டிக்கிட்டா பாக்குறோம்? அதுலயும் சின்ன வயசுல கண்ணுல ஏறின சொல்லு இருக்குதே, அது கெட்டி. பின்னால வந்தது எதுவும் அத்த முந்த முடியாது. இவளுக்கு இவ பேரே ரெண்டு வருஷத்துச் சொல்லு. தடுமாறுறா. பாக்கியலட்சுமி இருபத்தொம்போது வருஷத்துச் சொல்லு."

அவள் தகரத் தகட்டை மேஜையில் வைத்தாள். எழுத்துகள் வெட்டிய பழைய தகடு. கடைசி எழுத்தின் அடிப்பக்கம் விரிசல் விட்டு, குறுக்கே ஒரு கம்பி வைத்துக் கட்டியிருந்தது.

"ஒம்போது வயசுலேர்ந்து இவ சாக்கு மேல பிடிச்சுக்கிட்டு நின்ன தகடு இது. ஒரு நாளைக்கு முந்நூறு மூட்டை. மை ஏறினது, ஏறாதது, தலைகீழா அடுக்கினது, மழையில நனைஞ்சு பாதி போனது எல்லாம் பாத்திருக்கா. அ, ஆ தெரியறதுக்கு முன்னாடி இந்தச் சொல்லு தெரியும்."

"அப்ப சக்கரபாணி வண்டிதானா?" என்றார் ஜெயப்பிரகாஷ்.

"இல்ல. நான் அந்த வண்டி போர்டையும் காட்டினேன். கொடி சுத்தின எழுத்து. இவளால படிக்க முடியல. இவ காலையில ஒரே செகண்டுல படிச்சது உண்மைன்னா, பாத்தது அந்தப் போர்டா இருக்க முடியாது. இந்தத் தகட்டு அச்சாத்தான் இருக்கணும்." காலையில் வைஜெயந்தி வரைந்த தாளை விரித்துத் தகட்டின் பக்கத்தில் வைத்தாள். துண்டு துண்டான எழுத்து இரண்டிலும் ஒன்றாக இருந்தது. குறுக்கே போன கோட்டின் இடத்தில் தகட்டில் கம்பி இருந்தது. "இந்தத் தகட்டு அச்சு வண்டில கெடையாது. சாக்குல மட்டுந்தான். இஞ்சின் மேல சாக்கப் போட்டு மூடியிருந்தாங்க. மொதலாளி, இந்த அச்சுச் சாக்கு இப்ப யாருகிட்ட இருக்குது?"

சக்கரபாணி மெதுவாகத் திரும்பினார். "பத்து வருஷம் முன்னாடி பிளாஸ்டிக் சாக்குக்கு மாறிட்டோம். மிச்சமிருந்த கோணிச் சாக்கெல்லாம்... மேஸ்திரிக்குத்தான் குடுத்தேன்."

கலியபெருமாள் எழுந்தார். "ஊருல ஆயிரம் வீட்டுல பழைய சாக்கு இருக்கும். ஏம்மா, கண்ணாடி விக்கிறவ கேஸ் நடத்துறியா?"

"இருக்கும் மேஸ்திரி. ஆனா காத்துல ஆடுற சாக்குன்னு மத்தியானம் எங்கிட்ட சொன்னது நீங்க. வைஜெயந்தி சாக்குன்னு யாருகிட்டயும் சொல்லல. அவளுக்கே தெரியாது, எழுத்து மட்டுந்தான் கண்ணுல பட்டுது. எஸ்.ஐ. சார் போர்டுன்னு நெனச்சாரு, மொதலாளி போர்டுன்னு நெனச்சாரு, ஊரே போர்டுன்னு நெனச்சுது. அது சாக்குன்னு வண்டி ஏத்தினவனுக்குத்தானே தெரியும்?"

கலியபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

"பழைய குத்தகைக்கும் நீங்கதான் மேஸ்திரி. அந்தப் பூட்டுக்கு ரெண்டாவது சாவி உங்க வீட்டுல இருக்கும். எனக்கு ஒண்ணுதான் மொதல்ல புரியல. நம்ம பக்கம் பழைய சாக்க மறுபடி எடுத்தா, அடுத்தவன் மார்க் தெரியக்கூடாதுன்னு உள்பக்கம் வெளிய வர்ற மாரி திருப்பிடுவாங்க. அது கை தானா செய்யிற வேலை. நம்பர் மேல சேறு பூசின ஆளு சாக்க மட்டும் ஏன் திருப்பல?" தனக்கோடி அவரை நேராகப் பார்த்தாள். "அந்த நேரத்துல அந்த வரப்புல வர்றது வைஜெயந்தி ஒருத்திதான். அது உங்களுக்குத் தெரியும். அவ கைநாட்டு. சாக்கு எழுத்து வெளிய தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்னன்னு விட்டுட்டீங்க."

நாற்காலி சத்தத்துடன் பின்னால் போனது. வைஜெயந்தி எழுந்து கலியபெருமாள் எதிரில் வந்து நின்றாள்.

"இருபது வருஷத்துக்கு மேல உங்களுக்கு உப்பு வாரியிருக்கேன் மேஸ்திரி. ஒரு மூட்டை கொறஞ்சிருக்குமா?"

கலியபெருமாள் மறுபடி உட்கார்ந்தார்.

"அஞ்சு பொம்பளைங்க மேஸ்திரி வேணாம்னு சொன்னா அப்புறம் எனக்கு என்ன மரியாதை?" என்றார் கடைசியில். "பாத்தி காஞ்சா திரும்பி வருவீங்கன்னு நெனச்சேன். விக்கல. பெரிய முதலியார்சாவடில, மச்சான் தோப்புல கெடக்குது."

"பாத்தி காஞ்சா கடல்ல போய் நிப்போம். உங்ககிட்ட வர மாட்டோம்," என்றாள் வைஜெயந்தி.

மாலை 5.45. போலீஸ் ஸ்டேஷன்.

இஞ்சின் போலீஸ் வண்டியில் வந்து இறங்கியது. அதன் மேல் இன்னும் அந்தக் கோணிச் சாக்கு கிடந்தது, நீல எழுத்து வெளிப்பக்கமாக. பாஞ்சாலையும் மற்ற மூன்று பேரும் வாசலில் இஞ்சினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். இன்று இரவே திட்டில் ஏற்றி முறுக்கிவிட்டால் காலையில் தண்ணீர் ஓடும்.

உள்ளே ஜெயப்பிரகாஷ் புதிய வாக்குமூலத்தை முடித்து மேஜையில் வைத்தார். பழைய தாளை அவரே கிழித்துப் போட்டிருந்தார். ரைட்டர் பழக்கதோஷத்தில் மைப் பெட்டியைத் திறந்தார்.

வைஜெயந்தி அதை மூடி அவர் பக்கமே தள்ளினாள். பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கண்ணாடியை மாட்டினாள்.

"படிச்சுட்டுப் போடறேன் சார்."

"ரெண்டு பக்கம் இருக்குதும்மா. நான் படிச்சுக் காட்டிடட்டுமா?"

"வேணாம். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நேரமாகும். உக்காருங்க."

ஜெயப்பிரகாஷ் உட்கார்ந்தார். ரைட்டரும் உட்கார்ந்தார். அவள் விரலை முதல் எழுத்தில் வைத்தாள். ம, ர, க், கா. வாசலில் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். டீ வந்து ஆறிப்போனது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாவது வரியில் விரல் நின்றது. அந்த வரியை அவள் இரண்டாவது முறை ஆரம்பத்திலிருந்து கூட்டினாள்.

"எ... ழு... த... ப். எழுதப். ப... டி... க்... க... த். படிக்கத். தெ... ரி... யா... த." அவள் தலை நிமிர்ந்தாள். "எழுதப் படிக்கத் தெரியாத மேற்படி வைஜெயந்தி. இப்பிடியா எழுதியிருக்குது?"

ரைட்டர் மைப் பெட்டியை எடுத்து மேஜைக்குள் வைத்தார். "அது... எல்லா ஸ்டேட்மென்ட்லயும் வழக்கமா போடறதும்மா."

"அடிங்க."

ஜெயப்பிரகாஷ் பேனாவை எடுத்து அந்த மூன்று சொற்களையும் அடித்தார். ஓரத்தில் தன் சுருக்கக் கையெழுத்தைப் போட்டார்.

வைஜெயந்தி குனிந்து நாலாவது வரியில் விரல் வைத்தாள்.